படத்தில் உட்கார்ந்திருப்பவர்

நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. அத்தையின் நைட்டிகளையும் கலாவின் யூனிஃபார்மையும் ஹாலில் ஃபேனுக்குக் கீழே மாற்றிப் போட்டேன். வீடு முழுக்க ஈரத்துணி வாசம்.

இன்றைய வேலை: பல் டாக்டர் வெப்சைட்டில் போன் நம்பர் மாற்றுவது. ஈ.பி. பில். அத்தைக்கு பி.பி. மாத்திரை. மதியம் பேச்சுப் பயிற்சி மேடம் வருகிறார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் மாமியாரான அத்தையும் நானும் தனியாக உட்கார்ந்து பேசியதே இல்லை. “வாங்க மாப்பிள்ளை”, “சாப்பிடுங்க மாப்பிள்ளை”, அவ்வளவுதான். இப்போது பகல் முழுக்க நாங்கள் இருவர் மட்டும். என் மனைவி கலா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் டெக்னீஷியன். ஸ்கூட்டரில் காலையிலேயே ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பிவிடுவாள். நான் வீட்டிலிருந்தே வெப்சைட் செய்து கொடுப்பவன். அவள் அம்மாவைப் பார்த்துக்கொள்வது என் பங்கு.

அத்தைக்குப் பக்கவாதம் வந்ததில் வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போயின. கால் பெரும்பாலும் திரும்பிவிட்டது. ஊன்றுகோலோடு நடக்கிறார். கை பாதி. பேச்சில் மட்டும் ஒரே ஒரு வார்த்தை. “வேணாம்.”

காபி? வேணாம். கொடுத்தால் முழுசாகக் குடிக்கிறார். ஃபேன்? வேணாம். போடாவிட்டால் கோபம். என்ன வேண்டும் என்று கேட்டாலும் அதே வார்த்தை. சொன்ன பிறகு தன் வாயைத் தானே இடது கையால் பொத்திக்கொள்கிறார். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

மேடம் சொன்னது: “அவங்க நினைக்கிறது வேற சார். வாய்க்கு வர்றது அது ஒண்ணுதான். தலையாட்டுறதையும் நம்பாதீங்க, ஆமாவும் இல்லையும் மாறிப் போகும்.”

ஆப்பிள், பந்து, டம்ளர் படம் போட்ட சார்ட் ஒன்றைப் பிடித்துக் காட்டினார். அத்தை பால்வாடி டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். அதே மாதிரி சார்ட்டைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் முன்னால் நின்றவர். இடது கையால் ஒரு தள்ளு. சார்ட் கட்டிலுக்கு அடியில்.

மேடத்துக்குக் கோபமில்லை. “அவங்க சாமான், அவங்க மனுஷங்க படமா இருந்தா நல்லது. போன்ல தொட்டா பேசுற மாதிரி ஏதாவது கிடைக்குதா பாருங்க.”

கிடைப்பதாவது, நானே செய்கிறேன். அது என் பிழைப்பு ஆயிற்றே.

நவம்பர் 5, புதன்

மழை விட்டது. புழுக்கம்.

கட்டிலில் அத்தை படுத்திருக்கும் இடத்தில் நானே படுத்து, அங்கிருந்து தெரிகிறபடி அறையைப் படம் எடுத்தேன். ஃபேன், தண்ணீர்ச் செம்பு, ஜன்னல், பாத்ரூம் கதவு, போர்வை. தொட்டால் கலாவின் குரல் பேச வேண்டும். “ஃபேன் போடுங்க.” “தண்ணி வேணும்.”

முதலில் பழைய முறைப்படி, படத்தில் தொடும் இடங்களை அளந்து குறிக்கும் இமேஜ் மேப் போட்டேன். கம்ப்யூட்டரில் சரி. போனில் படம் சுருங்கியது, நான் கொடுத்த அளவுகள் சுருங்கவில்லை. செம்பைத் தொட்டால் பாத்ரூம் என்றது. மொத்தத்தையும் அழித்துவிட்டுப் படத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத பட்டன்களைச் சதவீதக் கணக்கில் வைத்தேன். செவ்வகச் செவ்வகமாக. இப்போது எந்த அளவுத் திரையிலும் இடம் மாறாது.

சாயங்காலம் என் பழைய போனை அத்தை மடியில் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். விரலை வைத்தார்.

“ஜன்னலைத் திறங்க.”

எழுந்து போய்த் திறந்தேன். என்னைப் பார்த்தார். மறுபடி தொட்டார். “ஃபேன் போடுங்க.” போட்டேன். “தண்ணி வேணும்.” கொடுத்தேன். வாங்கினார், குடிக்கவில்லை. அப்படியே கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சும்மா வேலை வாங்கிப் பார்த்திருக்கிறார்! வாய் ஒரு பக்கம்தான் சிரித்தது. போதும்.

கலா வந்ததும் சொன்னேன். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அத்தனை பட்டனுக்கும் அவளே எழுந்து எழுந்து ஓடினாள்.

நவம்பர் 8, சனி

காவிரியில் நல்ல தண்ணீர். பால்காரர் சொல்கிறார்: “அம்மா மண்டபத்துல படி ஒண்ணும் தெரியலைங்க.”

வாங்க வேண்டியது: கொசுவத்தி, ரவை, அத்தைக்கு வழுக்காத செருப்பு.

மணப்பாறையில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கும் கலாவின் அண்ணன் முருகேசன் நாளை வருகிறார். அதற்குள் குடும்பப் படம் ஒன்றையும் சேர்த்துவிடச் சொன்னாள் கலா. மச்சானுடைய புது வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் எடுத்தது. நடுவில் நாற்காலியில் அத்தை. நேர் பின்னால் மச்சான், ஆள் நல்ல உயரம். இந்தப் பக்கம் அவர் மனைவி செல்வி, அந்தப் பக்கம் கலாவும் நானும்.

நின்றுகொண்டிருக்கும் நான்கு பேருக்கும் தலை முதல் கால் வரை கட்டம் போட்டேன். அத்தைக்குப் போடவில்லை. தொடப் போவதே அவர்தானே. கலா ஒவ்வொரு முகமாகத் தொட்டுப் பார்த்தாள். என் பெயர் மட்டும் பாக்கி, மற்றதெல்லாம் சரி.

“உங்களுக்கு மட்டும் என்னன்னு சொல்றது? மாப்பிள்ளைன்னா, பாஸ்கருன்னா?”

“மாப்பிள்ளைன்னே சொல்லு. அவங்க அப்படித்தானே கூப்பிடுவாங்க.”

நவம்பர் 9, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை. எழுதி வைக்கிறேன்.

மச்சான் காரோடு வந்திருந்தார். ஒரு பை முறுக்கு. சாப்பிட்டு முடித்ததும் ஆரம்பித்தார். கீழே ஒரு அறை ஒழித்துப் பெயிண்ட் அடித்துவிட்டாராம், அம்மாவுக்காக வெஸ்டர்ன் டாய்லெட் போட்டிருக்கிறாராம்.

“மாப்ள, நீங்க நல்லாத்தான் பாத்துக்கறீங்க. இல்லேங்கல. ஆனா மகன் நான் இருக்கேன், அம்மா பொண்ணு வீட்ல கெடக்குன்னா, மாட்டுத்தீவனம் வாங்க வர்றவன்லாம் கேக்குறான். ராத்திரி படுத்தா தூக்கம் வரல எனக்கு.”

கலா: “ஏண்ணே, என்னையும் அம்மாதானே பெத்துச்சு?”

சண்டை என்று சொல்ல முடியாது. இரண்டு பேருமே அம்மா வேண்டும் என்றுதான் பேசினார்கள்.

மச்சான் கேட்டார். “அம்மா, என்கூட வர்றியா?”

“வேணாம்.”

கலா கேட்டாள். “அப்ப இங்கயே இருக்கியாம்மா?”

“வேணாம்.”

கலாதான் போனை எடுத்துப் படத்தைத் திறந்து அம்மா கையில் கொடுத்தாள். “நீயே தொட்டுக் காட்டும்மா. யாரு வேணும் உனக்கு?”

அத்தை தாமதிக்கவே இல்லை. தொட்டார்.

“முருகேசன்.”

மறுபடி. “முருகேசன்.” அழுத்தி, இன்னொரு தடவை. “முருகேசன்.”

மச்சான் அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்து விசும்பிவிட்டார், அவ்வளவு பெரிய ஆள். கலா சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். நான் பையில் துணியையும் அந்தப் போனையும் எடுத்து வைத்தேன்.

காரில் ஏற்றும்போது அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு, “வேணாம், வேணாம்” என்றார். “மாட்டிக்கிட்ட வார்த்தைதானே அது” என்று மச்சான் மெல்ல விரல்களை எடுத்துவிட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த வார்த்தையைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்க எல்லோரும் பழகிவிட்டோம்.

பக்கத்து வீட்டு மாமி வாசலில் நின்று கேட்டார்: “பிள்ளையாத்துக்கா அழைச்சுண்டு போறா? எல்லாம் பெருமாள் சித்தம்.”

கலா அழவில்லை. படுக்கப் போகும்போது மட்டும், “என் குரல்லயே அண்ணன் பேரைச் சொல்லிட்டுப் போயிருச்சு” என்றாள்.

நவம்பர் 10, திங்கள்

பல் டாக்டர் திருத்தம் முடிந்தது. அரிசி ஊறப் போட மறந்துவிட்டேன். மதியம் தண்ணீர்ச் செம்பைப் பழக்கத்தில் நிரப்பிக் கட்டில் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். கட்டில் காலி.

நவம்பர் 12, புதன்

மச்சான் போன். குரலே சரியில்லை.

“மாப்ள, அம்மா சாப்பிட மாட்டேங்குது. போட்டோவ வச்சுக்கிட்டு என் பேரையே அமுக்கிக்கிட்டு இருக்கு. நான் எதிர்லயே நிக்கிறேன். இங்கதாம்மா இருக்கேன்னு சொல்றேன். அப்பவும் அமுக்குது, அப்பவும் அழுவுது. உங்க போன்ல ஏதாச்சும் கோளாறா?”

ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். செல்வி எடுத்திருந்தார், அத்தையின் தோளுக்குப் பின்னால் இருந்து.

மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். அப்புறம் நிறுத்தி நிறுத்தி.

விரல் மச்சான் மேல் இல்லை. அதற்குக் கீழே. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சில் இருக்கிறது.

லேப்டாப்பில் பக்கத்தைத் திறந்து பட்டன்களுக்கெல்லாம் சிவப்புக் கோடு போட்டுப் பார்த்தேன். மச்சானின் செவ்வகம் அவர் தலையிலிருந்து தரை வரை இறங்குகிறது. வழியில் முன்னால் உட்கார்ந்திருக்கும் அம்மா முழுசாக அதற்குள். அவர் முகத்தைத் தொட்டாலும் முருகேசன், மடியைத் தொட்டாலும் முருகேசன்.

அத்தை தன்னைத் தொட்டிருக்கிறார். அன்றைக்கும் தன்னைத்தான் தொட்டிருக்கிறார்.

கலா குளித்துவிட்டு வந்ததும் காட்டினேன். சிவப்புக் கோட்டைப் பார்த்தபடி நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“அம்மா, அம்மாவையேதான் தொட்டுச்சா?”

“ஆமா.”

“அண்ணன் வீடா, என் வீடான்னுதாங்க நாம கேட்டோம்.” துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டே, “அதுக்குன்னு ஒரு வீடு இருக்கே பொன்மலையில. அதை யாருமே கேக்கலையே” என்றாள்.

கேட்கவில்லைதான். பக்கவாதம் வந்த அன்று பூட்டிய வீடு. மார்க்கெட்டுக்குப் பின்னால், அத்தை வாடகைக்கு இருந்தது; இன்னும் காலி செய்யவில்லை. மாமா இறந்த பிறகும் தனியாகவே அங்கே இருந்தவர். கலா எத்தனையோ தடவை கூப்பிட்டும் வராதவர்.

நவம்பர் 13, வியாழன்

வேறு வேலை எதையும் தொடவில்லை.

செவ்வகம் உதவாது. மனிதர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, மறைத்து, தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சி.எஸ்.எஸ்ஸில் கிளிப்-பாத் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பட்டனையும் படம் முழுக்கப் பரப்பிவிட்டு, ஓரத்தில் புள்ளி புள்ளியாக வைத்து அந்த ஆளின் உருவத்துக்கு வெட்டிவிடலாம். வெட்டியதற்கு வெளியே விரல் பட்டால் அந்தப் பட்டனுக்குத் தெரியவே தெரியாது. அடியில் இருப்பதற்குப் போய்விடும். புள்ளிகளையும் சதவீதத்திலேயே கொடுத்தேன்.

முதலில் அத்தை. கொண்டையில் ஆரம்பித்து, காது, கழுத்து, இடது தோள், நாற்காலிக்கு வெளியே தொங்கும் முந்தானை, முழங்கால், பாதம், திரும்பி மேலே. இந்த முகத்தை இவ்வளவு நெருக்கமாகப் பார்த்ததில்லை. கிரகப்பிரவேசத்தன்று எல்லோரும் கேமராவைப் பார்க்கிறோம். அவர் மட்டும் கொஞ்சம் தள்ளி எதையோ கண்டு சிரிக்கிறார்.

மச்சானுக்கு மிச்சமிருந்தது தலை, தோள், நாற்காலிக்கு இரண்டு பக்கமும் இறங்கும் சட்டை, வேட்டி. கவிழ்த்துப் போட்ட ‘ப’ மாதிரி. அத்தையின் விரல் கொஞ்சம் நடுங்கும் என்பதால் அவர் ஓரத்தை இன்னும் சற்று வெளியே தள்ளினேன். மச்சான் இடம் விட்டுக் கொடுக்கட்டும்.

இன்னொன்று. முன்பு பட்டன் கண்ணுக்கே தெரியாததால்தான் இத்தனையும். இப்போது யாரைத் தொட்டாலும் அந்த உருவம் மட்டும் மஞ்சளாக ஒளிரும். பெயர் காதில் விழுவதற்கு முன் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

கலா ஷிஃப்ட் முடிந்து பொன்மலை வீட்டைத் திறந்து, தெருவில் நின்று வாசலைப் படம் எடுத்து வந்தாள். பாதி திறந்த கதவு, உள்ளே தையல் மெஷின், குழாயடி, பக்கத்து வீட்டு வாசலில் கையில் முறத்தோடு மும்தாஜ் அக்கா. அதையும் வெட்டினேன். கதவின் வடிவம்தான் கஷ்டம், சாய்வாக நிற்கிறது.

அத்தையின் உருவத்துக்கு என்ன பேச வைப்பது? அம்மாவா, தனலட்சுமியா, டீச்சரா?

“நான்னு போடுங்க” என்றாள் கலா. போனை வாயருகே வைத்துக்கொண்டு பல தடவை சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் பிடிக்கவில்லை அவளுக்கு. “அம்மா சொல்ற மாதிரி வரணும்.” கடைசியில் வந்தது கொஞ்சம் அதட்டலாக இருந்தது. அதையே வைத்தோம்.

நவம்பர் 15, சனி

மணப்பாறை. கலா லீவு போட்டாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

அத்தை இளைத்திருக்கிறார். அறை நிஜமாகவே அழகு. இளநீலப் பெயிண்ட், புதுக் கட்டில், ஜன்னலுக்குக் கொசுவலை. மச்சானே நின்று செய்தது தெரிகிறது. அதனால் சொல்ல வந்ததைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

போனை மடியில் வைத்தேன். அத்தை எப்போதும்போல் படத்தில் நாற்காலியின் மேல் விரலை வைத்தார்.

உருவம் மஞ்சளானது. “நான்.”

விரலை எடுத்துவிட்டார். எங்களைப் பார்த்தார். மறுபடி வைத்தார். “நான்.” அப்புறம் கணக்கே இல்லை. நான். நான். நான். அதட்டலாக. கண்ணிலிருந்து நீர் ஓடுகிறது, வாய் ஒரு பக்கம் சிரிக்கிறது, விரல் நிற்கவில்லை.

மச்சான் என்னிடம் கிசுகிசுத்தார். “அப்ப அன்னைக்கு?”

“அன்னைக்கும் இதுதான் மச்சான். உங்க கட்டம் அவங்க மேல கிடந்துச்சு. நான் போட்டது தப்பு.”

அவர் குனிந்து அந்த மஞ்சள் உருவத்தைப் பார்த்தார்.

கலா அம்மா முன்னால் மண்டியிட்டு, அடுத்த படத்தைத் தள்ளினாள். பொன்மலை வாசல். அத்தை படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். மும்தாஜ் அக்காவைத் தொட்டார். குழாயைத் தொட்டார். பிறகு பாதி திறந்த கதவு. “என் வீடு.” முந்தைய படத்துக்கு அவரே இடது கையால் தள்ளினார். “நான்.” திரும்பத் தள்ளினார். “என் வீடு.”

மச்சான் வெளியே போய்விட்டார். பின்னாலேயே போனேன். தீவன மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்.

“என் பேரைச் சொல்லுச்சுன்னு ஊரெல்லாம் சொன்னேன் மாப்ள.”

பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“தனியா விட்டு, நாளைக்கு எதாச்சும் ஆச்சுன்னா? விழுந்து கெடந்தா கூப்பிடக்கூட வாய் வராதே அதுக்கு.”

அவர் பயம் நியாயமானது. எனக்கும் அதே பயம்.

நவம்பர் 16, ஞாயிறு

இரவு அங்கேயே தங்கினோம். காலையில் அத்தை மூன்று இட்லி சாப்பிட்டார். செல்வி சாம்பார் ஊற்றிக்கொண்டே சொன்னார்: “அவங்கள வச்சுக்கிட்டே பேசுங்க. தள்ளித் தள்ளிப் போய்ப் பேசுறதாலதான் இவ்ளோவும்.”

எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்தோம். மச்சான் ஒவ்வொரு பயமாகச் சொன்னார். அத்தை ஒவ்வொன்றையும் கேட்டார். மாத்திரை? கலா ஒர்க்‌ஷாப் போகும் வழியில் கொடுப்பாள். பகலில்? நான் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மதியம்வரை அங்கே. மதியத்துக்குப் பிறகும் இரவிலும்? அத்தை போனை இழுத்து மும்தாஜ் அக்காவைத் தொட்டார். கலா அங்கிருந்தே போன் போட்டாள்.

ஸ்பீக்கரில் மும்தாஜ் அக்கா: “இதைக் கேக்கவா இத்தனை நாளு? அனுப்பி வைங்கம்மா டீச்சரை. நானும் ஒண்டிக்கட்டைதானே, அங்கேயே படுத்துக்கறேன். அல்லா இருக்கான்.”

மச்சான் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு மாசம் பாப்போம். சரிப்படலேன்னா நான் வந்து தூக்கிட்டுப் போயிருவேன்.”

அத்தை அவர் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

நவம்பர் 19, புதன்

மேடத்திடம் போனில் நடந்ததைச் சொன்னேன். சந்தோஷம் அவருக்கு. வேறு இரண்டு வீடுகளுக்கும் இதுபோல் செய்து தர முடியுமா என்றார். சரி என்றேன். அவரவர் படம், அவரவர் ஓரம். ஆளுக்கு ஆள் புதிதாகத்தான் வெட்ட வேண்டும்.

பொன்மலை வீடு: ஒட்டடை, குழாய் வாஷர், கேஸ், வாசற்படியில் விளக்கு. வாஷர் கலாவே மாற்றினாள். நான் டார்ச் பிடித்தேன்.

நவம்பர் 23, ஞாயிறு

வெயில். கடைசியில்.

பொன்மலையில் சந்தை நாள். கூட்டத்தில் கார் உள்ளே போகவில்லை. மச்சான் ஓரமாக நிறுத்திவிட்டு, தூக்கிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டார். அத்தை ஊன்றுகோலைத் தட்டிக் காட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தார். தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் மெல்ல மெல்ல. நாங்கள் மூன்று பேரும் பின்னால். வழியில் யாரோ ஒரு பெண், “டீச்சர் வந்துட்டீங்களா!” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ஒருத்தி கொத்தமல்லிக் கட்டைக் கையில் திணித்தாள்.

கதவை அவரே திறந்தார். இடது கையால் பூட்டு நெடுநேரம் இழுத்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை. மச்சான் போகப் பார்த்தார்; கலா சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

மச்சான் டிரில்லிங் மெஷினோடு வந்திருந்தார். பாத்ரூமில் பிடித்துக்கொள்ள ஒரு ஸ்டீல் கம்பி. சுவரில் பென்சிலால் நேராகக் கோடு போட்டார், ஸ்கேல் வைத்து. அத்தை நாற்காலியைப் பாத்ரூம் கதவருகே போடும்படி கைகாட்டி, உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் மெஷினை வைக்கப் போனபோது ஊன்றுகோலால் அவர் காலைத் தட்டினார்.

எழுந்து உள்ளே போனார். நின்று பார்த்தார். உட்காருவதுபோல் மடங்கி, எழுந்து பார்த்தார். பென்சிலுக்குக் கை நீட்டினார். மச்சான் போட்ட கோட்டுக்கு ரொம்பக் கீழே, இடது கையால், தானே ஒரு கோடு போட்டார். நடுங்கி நடுங்கி, ஒரு பக்கம் ஏறி, மறு பக்கம் இறங்கி.

“கோணலா இருக்கேம்மா” என்றார் மச்சான்.

அத்தை பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார்.

மச்சான் தன் கோட்டை எச்சில் தொட்டு அழித்தார். மெஷினை இந்தக் கோட்டில் வைத்தார், அது போன வாக்கிலேயே. கலா கீழே முறம் பிடித்துத் தூசியை வாங்கினாள்.